ரோசம்மா வீட்டு ஒல்லிப் பெட்டி

உர்சுலா இங்கிலாந்துக்குப் புறப்பட்டது 1977 ஆகஸ்டில், மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள். செவ்வாய்க்கிழமை. டாக்சி கீழே வந்து நின்றுவிட்டது. லூர்து மாதா கோயில் பாட்டுக்குழுப் பிள்ளைகள் அவளுடைய பெட்டிகளை லிப்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மட்டும் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை.

"அப்பா, இன்னும் ஒரு தடவை போய்க் காட்டுங்க."

"காலையிலேர்ந்து எத்தனை தடவை போறது? உள்ள போயி என்ன செய்ய, பாட்டுப் பாடவா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

சொன்னாரே தவிர, போய்க் காட்டினார். சக்கர நாற்காலியின் வளையங்களை இரண்டு கையாலும் தள்ளி, கூடத்திலிருந்து சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பு மேடையை ஒட்டி உருண்டு, மேடையின் கோடியில் நின்ற புதுப் பிரிஜ்ஜைத் தாண்டினார். கழிப்பறை வாசலில் போட்டிருந்த பலகைச் சரிவில் ஏறி நின்று, ஜெயித்த குதிரைக்காரன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பிரிஜ் கதவுக்கும் அவர் விரல் முட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அவ்வளவுதான். ஆனால் அது போதும்.

உர்சுலா சிரித்தாள், அழுதாள், அப்பாவின் கையை முத்தமிட்டாள். ரோசம்மா மகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். விமான நிலையத்துக்கு அவள் போகவில்லை. ஆம்ப்ரோஸைத் தனியாக விட்டுவிட்டுப் பாய லேபார் வரைக்கும் போய்வருவதைப் பற்றி அவள் யோசிக்கக்கூட இல்லை. மாடித் தாழ்வாரத்தில் நின்று டாக்சியின் கூரையைப் பார்த்தாள். அது ஜாலான் புசார் பக்கம் திரும்பியதும் உள்ளே வந்து உலை வைத்தாள்.

அந்தச் சின்ன இடைவெளியை நம்பித்தான் மகள் போயிருந்தாள்.

ஆம்ப்ரோஸ் ஒரு இரும்புச் சாமான் கடையில் லாரியோடு போய்ச் சரக்கு இறக்கிக் கொடுத்துவந்தவர். மழை நாளொன்றில் லாரியின் பின்பலகையிலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே அன்றோடு போயிற்று. கை மட்டும் பழைய கைதான். கழிப்பறைக் கதவு நிலையில் கம்பி பதித்துக் கொடுத்தால் தன்னைத் தானே தூக்கி, ஓட்டை போட்ட நாற்காலியில் மாற்றி உட்கார்ந்துகொள்வார். அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. அந்தக் காலத்து இரண்டறை அடுக்குமாடி வீடுகளில் கழிப்பறைக்கு வழி சமையலறைக்குள்ளே. சமையலறையோ ஒரு சந்து. அந்தச் சந்தில் பழைய பிரிஜ், மேடையைத் தாண்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. நாற்காலி அங்கே நின்றுவிடும். உர்சுலாதான் அப்பாவை இடுப்போடு கட்டித் தூக்கி, பிரிஜ்ஜைச் சுற்றிக் கொண்டுபோய் விடுவாள். ரோசம்மாவுக்கு அந்த உடம்பும் இல்லை, பலமும் இல்லை.

தாதிப் படிப்புக்கு இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தபோது உர்சுலா அதை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். கண்டுபிடித்தவர் ஆம்ப்ரோஸ்.

"என்னைக் கக்கூசுக்குத் தூக்கிக்கிட்டுப் போறதுக்காகவா ஒன்னை ஆண்டவர் படைச்சாரு? வழி விடு, நான் தானாப் போயிக்கிறேன்" என்றார்.

அன்றைக்கே அவள் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாரும் எவ்வளவு பெரிசு வேண்டும் என்று கேட்பார்கள். இவள் எவ்வளவு ஒல்லி என்று கேட்பாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. உயரம் உண்டு, அகலம் உண்டு, ஆழம் மட்டும் இல்லை. கொண்டுவந்து சுவரோடு சேர்த்து நிறுத்தியபோது மேடையின் விளிம்புக்கு ஒரு நூல்கூட வெளியே வராமல், மேடையோடு சேர்த்துக் கட்டியது மாதிரி நின்றது.

ரோசம்மா கதவைத் திறந்து பார்த்தாள். குழம்புச் சட்டியை வைத்தால் கதவு சாத்தாது. கிறிஸ்துமஸ் கேக் தட்டைச் சாய்த்துத்தான் செருக வேண்டும். ஒரு முழு வஞ்சிர மீனை வைக்க வேண்டுமென்றால் அதை இரண்டாக மடிக்க வேண்டும்.

"இது பிரிஜ்ஜாடி? பட்டினி கிடந்த பீரோ மாதிரியில்ல இருக்கு."

"ஒங்களுக்குப் பானை போகணுமா, அப்பா போகணுமா?"

பெட்டிக்கு 'ஒல்லி' என்று பேர் வந்தது அப்போதுதான்.

மகள் போன வாரமே பால் திரிந்தது. மறுநாள் மீன் நாறியது. பெட்டிக்குள் கை விட்டால் சட்டைப் பைக்குள் விட்டது போல வெதுவெதுப்பு. மோட்டார் கொஞ்ச நேரம் உறுமும், சூடேறி நின்றுவிடும், மறுபடி உறுமும். ரிப்பேர்க்காரர் ஒலி முகம்மது வந்தார். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. உச்சுக் கொட்டினார்.

"அக்கா, இது பின்பக்கமா சூட்டை விடணும். நீங்க சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்க. மூச்சு முட்டுது. ஒரு கை நுழையற அளவு முன்னால இழுத்து வைங்க. இல்லாட்டி மோட்டார் வெந்துடும்."

அவரே இழுத்து வைத்தார். சாயங்காலத்துக்குள் பெட்டி சில்லிட்டுவிட்டது. ஆம்ப்ரோஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். வளையம் பெட்டியின் மூலையில் இடித்து நின்றது. ஒரு தடவை பின்னால் போய்த் திரும்ப வந்தார். திரும்ப இடித்தது.

உர்சுலா பெட்டியை அளந்திருந்தாள், மேடையை அளந்திருந்தாள், அப்பாவின் நாற்காலியை அளந்திருந்தாள். பெட்டி மூச்சு விடுவதற்கான இடத்தை யாரும் அளக்கவில்லை.

"அவளுக்கு எழுதிடுவோம்ங்க."

"என்னன்னு எழுதுவே? வழி அடைச்சுக்கிச்சு, வந்து அப்பனைத் தூக்குன்னா? கடுதாசி கையில கிடைச்ச மறுநாளே வந்து நிப்பா. அப்புறம் இந்த ஜென்மத்துல போக மாட்டா." ஆம்ப்ரோஸ் நாற்காலியைத் திருப்பினார். "ஒண்ணும் எழுதாதே, ரோசு. எல்லாம் ஜோரா இருக்குன்னு எழுது."

பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஆம்ப்ரோஸின் கட்டில், தையல் மிஷின், மாதா படத்துக்கு முன்னால் ஒரு மேசை. நாற்காலி திரும்ப இடமில்லாமல் போயிற்று. கூடம் போக மீதி இருந்த ஒரே அறையில் ஜொகூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஆகப் பெட்டி சமையலறைக்கே திரும்பி வந்தது.

பிறகு ரோசம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டிக்கு அடியில் கோணிச் சாக்கை மடித்துப் போட்டாள். ஆம்ப்ரோஸ் போக வேண்டுமென்றால் பெட்டியைத் தோளால் முட்டி உள்ளே தள்ளுவாள். அவர் வந்ததும் சாக்கைப் பிடித்து வெளியே இழுப்பாள். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி மணியடிக்கும். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று கணக்குண்டா? இடுப்பில் ஒரு பிடிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதை ஆம்ப்ரோஸுக்குக் காட்டாமலிருக்க நிமிர்ந்து நடந்தாள். அப்படி நிமிர்ந்து நடந்ததிலேயே அவர் கண்டுகொண்டார்.

அந்த நாட்களில் தாழ்வாரத்தில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டி ஊரே பார்க்கும்படி தழைத்தது. பக்கத்து வீட்டு இராஜசிங்கம், ரெயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், வந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு, "மிசிஸ் ஆம்ப்ரோஸ், என்ன உரம் போடுறீங்கள்?" என்று கேட்டார். ரோசம்மா எந்த உரமும் போடவில்லை. ஒரு காலையில் சந்தைக்குக் கிளம்பியவள் பை மறந்து திரும்பி வந்தாள். ஆம்ப்ரோஸ் ஜன்னலோரமாக நாற்காலியை நிறுத்தி, அவள் குடிக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போன தண்ணீரைக் கம்பி வழியாகத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க செய்யறீங்க?"

"வெயிலு. செடி வாடுது."

"செடி வாடுதா? நீங்க வாடலையா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "குடிச்சா போகணும். போகணும்னா நீ தள்ளணும்."

ரோசம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். சுவிட்சை அணைத்தாள், வயரைப் பிடுங்கினாள். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மேடையில் வைத்தாள். தோளைக் கொடுத்துப் பெட்டியைச் சுவரோடு ஒட்டும்வரை தள்ளினாள். அடியிலிருந்த சாக்கை உருவி எறிந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் நீட்டி, அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

"மீனு?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"தேக்கா மார்க்கெட் என்ன, கடல் தாண்டியா இருக்கு? அன்னன்னைக்கு வாங்கிக்குவேன்."

அப்படித்தான் அந்த வீட்டில் பிரிஜ் அலமாரியாயிற்று. விற்றிருக்கலாம். ஆனால் மகள் வாங்கித் தந்தது. போன மாதம் வந்தது, இந்த மாதம் எங்கே என்று கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்டவர்களில் யாராவது ஒருத்தர் உர்சுலாவுக்கு எழுதுவார். அதனால் அது நின்றது. அலமாரியாக அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கதவின் ரப்பர் இறுக்கத்துக்கு எறும்பு நுழையாது, கரப்பான் நுழையாது. அரிசி டின், பருப்பு, சீனி, ஆம்ப்ரோஸ் உடுத்தும் சாரங்கள், மருந்து எல்லாம் உள்ளே போயின. பெரிய பானைதான் அப்போதும் போகவில்லை.

ஆலைப் பெண்களில் சாயிரா பானு வாய்க்காரி, எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு 'லா' போடுகிறவள். வேலை முடிந்து வந்தால் முதல் வேலையாகப் பெட்டியைத் தட்டுவாள். "அக்கா, ஒங்க பிரிஜ்ல ஒரு கப் சுடுதண்ணி கிடைக்குமா லா?" ஆம்ப்ரோஸ் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தப் பெண்களையும் இரகசியத்தில் சேர்த்துக்கொண்டாயிற்று. இராஜசிங்கத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அவருடைய தங்கை இரஞ்சிதம் கல்யாணமாகிப் போய், உர்சுலா படித்த அதே லீட்ஸ் நகரத்தில் இருந்தாள். உர்சுலாவைப் பார்த்துக்கொள்ளும்படி அவர்தான் தங்கைக்குச் சொல்லியிருந்தார்.

கடிதம் எழுதுவது ஆம்ப்ரோஸின் வேலை. பொய் எழுதுவதும் அவருக்குக் கைவந்திருந்தது. ஒல்லி நன்றாக ஓடுகிறது, ஐஸ் கட்டி சீக்கிரம் உறைகிறது, அப்பா ராஜா மாதிரி போய்வருகிறார். ஒரு தடவை, அம்மா ஐஸ்கிரீம் போட்டாள் என்று எழுதிவிட்டார். எசென்ஸ் எவ்வளவு, எத்தனை மணி நேரம் உறைந்தது என்று உர்சுலா பதிலில் கேட்டிருந்தாள். விடுதியில் செய்து பார்க்கவாம். "இப்ப சொல்லுங்க" என்று ரோசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்த யோசனையை நினைத்தால் அவளுக்குப் பிற்காலத்தில் கோயிலில்கூடச் சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடிக்குமுன் கண்ணீரும் வந்துவிடும்.

படிப்பு முடிந்தது. வரட்டுமா என்று கேட்டாள். மேலே படி என்று எழுதினார்கள். அவள் பேறுகாலத் தாதிப் படிப்பில் சேர்ந்தாள். தூரம் போகிற பெண்களுக்கு, விட்டுவந்த வீடு விட்டுவந்தபடியே இருக்கிறது என்கிற நம்பிக்கை ஒன்று வேண்டும். அது கையில் இருந்தால் எத்தனை வருஷமும் வெளியில் இருந்துவிடலாம். அந்த நம்பிக்கையை அவளுடைய பெற்றோர் மாதாமாதம் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியைப் பற்றிச் சொன்ன பொய்க்குத் துணையாக மற்ற பொய்களும் வந்தன. ஆம்ப்ரோஸுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே, அலைகிற எழுத்தில், 'நான் திடமாக இருக்கிறேன்' என்று எழுதினார்.

"இப்பவாவது சொல்லிடலாம்ங்க" என்று ரோசம்மா கெஞ்சினாள்.

"பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. "கொஞ்ச நாளு ஜாலியா இருக்கட்டும், பாவம். நானே எந்திரிச்சு எழுதறேன்."

அவர் எழவில்லை. 1983 தவக்காலத்தில் போய்விட்டார்.

இராஜசிங்கம் தந்தி கொடுத்தார். தந்தி விடுதியில் கிடந்தது. உர்சுலா தோழிகளோடு ஸ்காட்லாந்துக்கு விடுமுறை போயிருந்தாள். அப்பா திடமாக இருக்கிறார் என்ற கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தாள். உடலை வைத்துக்கொண்டு எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாம் நாள், இன்னும் ஒரு நாள் பொறுப்போம் என்று ரோசம்மா பாதிரியாரிடம் கேட்டாள். பொறுத்தார்கள். பிறகு சுவா சூ காங் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். மகள் வந்து இறங்கியபோது மண் காயத் தொடங்கியிருந்தது.

கல்லறைக்குப் போய்விட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். நல்ல வெயில். உர்சுலா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்காக நேரே சமையலறைக்குப் போனாள். தடுக்க வேண்டும் என்று ரோசம்மாவுக்குத் தோன்றியபோது அவள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. பருப்பும் தைலமும் கலந்த வாடை வந்தது. நடுத்தட்டில் அப்பாவின் சாரங்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"கரண்டு போயிடுச்சாம்மா?"

"இல்ல."

"அப்புறம்?"

ரோசம்மா சொன்னாள். மூச்சு முட்டியது, சாக்கு, கறிவேப்பிலை, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். உர்சுலா கதவைச் சாத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேம்மா. எங்கப்பா தானாப் போயிக்குவாரு, நான்தான் அளவெடுத்து வாங்கிக் குடுத்தேன்னு."

"தானாத்தான் போனாரு. ஒன் பெட்டி வழிவிட்டுச்சு. பொய் இல்ல அது."

"எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருந்தா வந்திருப்பே."

"வந்திருப்பேன்தான்! வந்திருந்தா அவரு மூஞ்சியைப் பார்த்திருப்பேன்."

ரோசம்மா மகளின் தோளைத் தொடப் போனாள். உர்சுலா விலகினாள்.

"நீங்க என்னை அனுப்பி வைக்கலம்மா. விலக்கி வச்சிட்டீங்க."

உர்சுலா சில நாட்கள்தான் இருந்தாள். புறப்படுகிற அன்று காலையில் பெட்டியைக் காலி செய்தாள். துடைத்தாள். தானே இழுத்து முன்னால் வைத்து வயரைச் செருகினாள். இத்தனை வருஷம் கழித்தும் அது ஒரு குலுங்கு குலுங்கி ஓடத் தொடங்கிவிட்டது. "இனிமே யாரும் போக வேண்டியதில்லையே" என்றாள். அதைக் கோபத்தில் சொன்னாளா வேறெப்படியாவது சொன்னாளா என்று ரோசம்மாவுக்குப் புரியவில்லை. இந்தத் தடவை அவள் விமான நிலையத்துக்குப் போகலாம். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் மகள் கூப்பிடவில்லை.

ஆக ரோசம்மாவுக்குக் கடைசியில் ஒரு குளிர்ந்த பெட்டி கிடைத்தது. அவளுக்கு அதில் வைக்க ஒன்றுமில்லை. ஒருத்திக்கு எத்தனை மீன்? ஆலைப் பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பகலெல்லாம் அது உறுமுவது கேட்டது. அதைத் தாண்டும்போது உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போனாள். ஈஸ்டர் ஆசீர்வாதத்துக்கு வந்த இளம் பாதிரியார், "கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா மேடையோட சமமா, அழகா நிக்குமே அம்மா" என்றார்.

"நிக்கும் ஃபாதர். மூச்சுதான் முட்டும்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் உர்சுலா இராஜசிங்கம் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவாள். ரோசம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"நல்லா இருக்கேன்."

அதற்கு மேல் இருவருக்கும் வராது. தூர தேசத்துக் கம்பியில் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். வைத்துவிடுவார்கள். வீடு திரும்பியதும், இடுப்பு வலி, கண் புரை, தையல் வேலை நின்றுபோனது என்று சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். மகளும் அப்படித்தான் எதையாவது சொல்லாமல் விட்டிருப்பாளோ என்று ஒரு தடவை தோன்றியது. தோன்றியதை அன்றைக்கே தள்ளிவிட்டாள். இராஜசிங்கம் மகனோடு ஈசூனுக்குக் குடிபோன பிறகு அந்த அழைப்பும் நின்றது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

1989இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து ரோசம்மா கதவைத் திறந்துகொண்டிருந்தபோது லிப்டிலிருந்து இராஜசிங்கம் தடி ஊன்றிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே குளிர்நாட்டுச் சட்டை போட்ட ஒரு நரைத்த அம்மாள்.

"மிசிஸ் ஆம்ப்ரோஸ், இதுதான் என்ர தங்கச்சி இரஞ்சிதம். பேத்தி முறைப் பிள்ளையின்ர கலியாணத்துக்கு வந்திருக்கிறா. உங்களைத்தான் முதல் பாக்க வேணுமெண்டு நிக்கிறா."

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ரோசம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரஞ்சிதம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

"ரோசம்மாக்கா, உர்சுலா ஒரு சேதி தந்துவிட்டவள். கடிதத்தில எழுத மாட்டாளாம். நேரில, உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லச் சொன்னவள்."

"சொல்லுங்கம்மா."

"போன வருசம் அவளுக்கு மார்பில ஒப்பரேசன் நடந்தது. நான்தான் பக்கத்தில நிண்டனான். அம்மாவுக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்திட்டன்."

ரோசம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நல்லா இருக்காளா?"

"இதைத்தான் நீங்கள் முதல்ல கேப்பீங்கள் எண்டு அவளுக்குத் தெரியும், அக்கா. நல்லா இருக்கிறாள் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவள்." இரஞ்சிதம் ஒரு கையை நீட்டி ரோசம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவள் சொன்ன சொல்லை மாத்தாமல் அப்படியே சொல்லுறன். 'அம்மா, எனக்கு ஒடம்பு நல்லா இல்ல. தனியா இருக்கேன். நீங்க கிளம்பி வாங்க.'"